என்ன குடி, மகன்?

அன்புள்ள ஐயா,

உங்கள் மட்டக்களப்புக் கதையில், பேத்தி காதலித்துக் கூட்டிவந்த பையனிடம் அம்மம்மா ‘நீங்க என்ன குடி, மகன்?’ என்று கேட்கிறார். பிராந்தியா பியரா என்று விசாரிக்கிறாராக்கும் என்று சிரித்துவிட்டேன். அவனுக்கு வியர்த்ததைப் படித்த பிறகுதான் விஷயம் வேறு என்று பட்டது. குடிப்பதும் குடியிருப்பதும் ஒரே சொல்லா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை, இரண்டும் வேறு சொற்கள். ஒலி மட்டும் ஒன்று. ஒன்று ‘குடிக்கிறான்’ என்ற வினையின் பெயர். மற்றது வீடு, குடும்பம், வம்சம், ஊர், அரசனுக்குக் கீழே வாழும் சனம் என்று பரந்துபோன பழஞ்சொல். எது எதுவென்று பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். குடிநீர், குடிவெறி என்றால் முதலாவது. குடித்தனம், குடிக்கூலி, குடிபுகுதல் என்றால் இரண்டாவது. ‘குடி முழுகிப் போச்சு’ என்று அலறும்போது முழுகுவது குடும்பம், கிளாஸ் அல்ல. குடிமகன்தான் பாவம், இரண்டு பக்கமும் இழுபடுகிறான். அந்தப் பகடி உங்கள் ஊரில்தான் அதிகம்.

எங்கள் பாஸ்போர்ட் கந்தோரின் பெயர் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். மலேசியாவில் அதுவே குடிநுழைவு. அப்புறம் ‘குடியேற்றம்’. உங்களுக்கு அது சாதாரணச் சொல்லாக இருக்கலாம். 1949இல் சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய கல்லோயாத் திட்டம் தொடங்கிய பிறகு, அம்பாறைப் பக்கத்துத் தமிழர் அதைச் சும்மா உச்சரிப்பதில்லை.

துணைக்கு ஒரு சொல் இல்லாமல் தனியே நின்றால்தான் சிக்கல். சென்னையில் தனியே நிற்கும் குடி சாராயம். மட்டக்களப்பில் அது தாய்வழி. பிள்ளை தகப்பனின் குடியில் சேராது, தாயின் குடியில்தான் சேரும். காலிங்கா குடி, பணிக்கனா குடி, படையாண்ட குடி என்று பெயர்கள் உண்டு. கோயிலில் வண்ணக்கர் (கோயிலை நிருவகிப்பவர்) பதவியும் திருவிழா உரிமையும் குடி பார்த்தே வந்தன. முஸ்லிம் ஊர்களிலும் இதே தாய்வழிக் குடிகள்தான். பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார்மாரைக் குடிவாரியாக எடுப்பார்கள். (காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று ஊர்ப்பெயரில் வருவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குடியிருப்பு.)

ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. முன்பின் பார்த்திராதவர்களாக இருக்கட்டும், வேறு வேறு ஊராக இருக்கட்டும், கட்டக்கூடாது. அம்மம்மா கேட்டது அதைத்தான். அவருடைய குடிதான் மகளுக்கு, மகளுடைய குடிதான் பேத்திக்கு. பையனும் அதே குடி என்று சொல்லிவிட்டால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான்.

அவன் வியர்த்தது கூச்சத்தில் அல்ல. கொழும்பில் வளர்ந்தவன், தன் குடி என்னவென்றே அவனுக்குத் தெரியாது. அடுத்த பக்கத்தில் முற்றத்துக்குப் போய் ஒரு போன் கோல் எடுக்கிறானே, அது அவனுடைய அம்மாவுக்கு.