கொண்டான் வேறு, ஆண்டான் வேறு

கேள்வி: ராஜேந்திர சோழன் கடல் கடந்து சென்று கடாரத்தையும் (இன்றைய மலேசியாவின் கெடா) சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தையும் வென்று தென்கிழக்காசியாவையே ஆண்டான். அவ்வளவு பெரிய ஆட்சியைப் பின்வந்தவர்கள் ஏன் கைநழுவ விட்டார்கள்?

பதில்: கையில் இருந்தால்தானே நழுவுவதற்கு?

1025ஆம் ஆண்டளவில் நடந்த அப்படையெடுப்பைப் பற்றி நமக்குள்ள முதன்மையான சான்று ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் புகழுரை. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' எனத் தொடங்கும் பகுதி, கடாரத்தரசன் என்று அது அழைக்கும் ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்க வர்மனை யானைகளோடு அகப்படுத்தியதையும், அவன் குவித்து வைத்திருந்த பெருநிதியைக் கவர்ந்ததையும், நகர வாயிலின் வித்யாதரத் தோரணத்தோடு 'புனைமணிப் புதவமும் கனமணிக் கதவமும்' (மணிகள் பதித்த வாயில்களும் கதவுகளும்) கைக்கொண்டதையும் வரிசையாகச் சொல்கிறது. கதவைக்கூட விடாமல் கணக்கெழுதிய புலவர், அங்கே ஓர் அதிகாரியை அமர்த்தியதாகவோ வரி விதித்ததாகவோ ஒரு சொல்லும் எழுதவில்லை.

சோழர் ஒரு நாட்டை உண்மையிலேயே ஆண்டால் எப்படியிருக்கும் என்பதற்கு ஈழத்தைப் பாருங்கள். ராஜராஜன் வென்ற வட இலங்கை மும்முடிச் சோழமண்டலம் ஆயிற்று, பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று, வளநாடுகள் என்னும் ஆட்சிப் பிரிவுகள் வகுக்கப்பட்டன, ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நிவந்தமாக (கோயில் செலவுக்கான கொடையாக) எழுதப்பட்டது. 1070இல் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை அது நீடித்தது. கடாரத்தில் இவற்றுள் ஒன்றும் நடக்கவில்லை.

'கடாரம் கொண்டான்' என்ற பட்டம்தான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும். கல்வெட்டுத் தமிழில் கொள்வது வெல்வதையும் கைப்பற்றுவதையும் குறிக்கும். இருந்து ஆள்வதையே குறிக்க வேண்டியதில்லை. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தன்னைக் 'கச்சியும் (காஞ்சிபுரம்) தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று அழைத்துக்கொண்டான். அதை வைத்து அவன் தஞ்சையிலிருந்து ஆண்டான் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை அல்லவா?

பிறகு எதற்காகப் போனான்? மெய்க்கீர்த்தி காரணம் கூறுவதில்லை, ஆனால் அது அடுக்கும் பெயர்கள் கூறுகின்றன. கடாரம், தக்கோலம், இலங்காசோகம், சுமத்ராவின் வடமுனையிலிருந்த இலாமுரிதேசம், நக்கவாரத் தீவுகள் (நிக்கோபார்) என அவற்றுள் பெரும்பாலானவை சீனத்துக்குச் செல்லும் கடல்வழியை ஒட்டியவை. ராஜராஜன் காலத்தில் கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது சமயக் கொடையாக, சோழர் கொடுத்த அளவுக்கு நட்பு இருந்தது. 1015இல் சோழத் தூது சீனத்தை அடைந்துவிட்டது. வழியிலிருந்த மலாக்கா நீரிணையோ ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தது. வணிகப் போட்டியே நட்பைக் கெடுத்தது என்பதே என் முடிவு.

விளைவுகளும் அதற்கேற்றவையே. அடிபட்ட ஸ்ரீவிஜயம் அழியவில்லை. 1028இலேயே சீனத்துக்குத் தூது அனுப்பியது. பின்னர் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை வந்தடைந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகவே பேசுகிறது. 1090இல் கடாரத்துத் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டினத்து விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிச்சலுகை அளித்தான். உண்மையில் ஊன்றியவர்கள் வணிகர்கள். சுமத்ராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மரக்கலத் தலைவர்கள் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று விதிக்கிறது. அதை விதித்தது சோழ அரசனல்ல, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு.