தாத்தாவின் வால்வு ரேடியோவில் உறுமல் மட்டுமே வருகிறது. வால்வுகளை மாற்றினால் சரியாகிவிடுமா?

முத்தியால்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ரேடியோ உறுமுகிறது, ஸ்டேஷன் எதுவும் எடுக்கவில்லை, உள்ளே ஒளிரும் கண்ணாடிக் குழாய்களான ஐந்து வால்வையும் மாற்றவேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். மறுபடி போட்டுப் பார்க்கும் எண்ணத்தில் அது இன்னும் பிளக்கிலேயே சொருகியிருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்லன். கூட்டுறவு வங்கியொன்றில் கணக்கு எழுதியவன். அப்பாவின் ரேடியோவை என் கையாலேயே கெடுத்து, பிறகு மீட்ட அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும். ஆனால் வால்வின் மீது பழி போடும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, அந்த ஐந்து வால்வு ரேடியோ நனைந்தது. மின்சாரம் திரும்பி வந்த பிறகு அதைத் துடைத்து, மூன்று நாள் வெயிலில் வைத்து, காய்ந்துவிட்டது என்ற நினைப்பில் நேரே 230 வோல்ட்டில் சொருகினேன். அரை நிமிடத்தில் உங்களுக்கு வருவதைப் போன்ற உறுமலே வந்தது. ஸ்டேஷன் வரும் என்று காத்திருந்தபோது மெழுகு உருகும் வாடை அடித்தது. பின்பக்க அட்டையின் துளை வழியே பார்த்தால், ஸ்பீக்கரை இயக்கும் ஈஎல் 84 என்ற அவுட்புட் வால்வின் நடு இழை மட்டும் ஒளிர வேண்டிய இடத்தில், வெளித்தகடே செங்கல் நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. வால்வு என்றால் சிவக்கத்தானே செய்யும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று சத்தம் அடங்கியது. அந்த வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுருள் அறுந்துவிட்டது.

நான் விசாரித்த முதல் கடையிலும் வால்வு போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடி ஒரு ஈஎல் 84 வாங்கி, டிரான்ஸ்ஃபார்மருக்கும் புதிதாகக் கம்பி சுற்றிப் போட்டேன். புதிய வால்வும் ஐந்து நிமிடத்தில் சிவக்கத் தொடங்கியது. கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வயதான மெக்கானிக், பாகங்கள் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டமான சேசிஸைக் கவிழ்த்துப் பார்த்ததும், "வால்வை விடு தம்பி, அந்த மெழுகுக் கண்டென்சர்ல ஒரு காலைக் கழட்டு" என்றார். கழற்றும் முன் வால்வின் 2ஆம் பின்னில், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில், பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டிய மின்னழுத்தம் பாசிட்டிவ் 12 வோல்ட் காட்டியது. கழற்றியதும் பூஜ்யத்துக்கு இறங்கியது. அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருக்கும் வால்வின் தகட்டில் உள்ள ஏறக்குறைய 200 வோல்ட்டைத் தடுத்து, ஒலியை மட்டும் கடத்தவேண்டிய 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டென்சர் அது. காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்ததால், கிரிட் பாசிட்டிவாகி வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்திருக்கிறது. இதே கண்டென்சரை முன்பே நான் மல்ட்டிமீட்டரில் சோதித்தேன். மீட்டர் கொடுக்கும் சில வோல்ட்டுக்கு அது யோக்கியமாகவே நடந்துகொண்டது. அதனிடத்தில் 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்சரைப் போட்டதும், எலெக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடில் 7 வோல்ட் என்ற சரியான அளவு வந்து நின்றது.

உங்கள் பெட்டிக்கு வருவோம். வால்யூமை முழுவதும் குறைத்தாலும் உறுமல் குறையவில்லை என்றால், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் பில்டர் கண்டென்சர் வறண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதையும் காகிதக் கண்டென்சர்கள் அனைத்தையும் மாற்றிய பிறகு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, ஒருமுறை எரிந்து மங்கினால் பயமில்லை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. அணைத்த பிறகும் பில்டர் கண்டென்சரில் உயிரை வாங்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும், ஆகையால் ரெசிஸ்டர் வழியே இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். வால்வுகளின் பெயர் ஈ என்று தொடங்காமல் யூசிஎச், யூஎல் என்று இருந்தால், அது பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி பெட்டியாக இருக்கக்கூடும். அதன் சேசிஸிலேயே மின்சாரம் பாயலாம் என்பதால் நீங்களே திறக்கவேண்டாம். ஸ்டேஷன் வராததற்குக் கடல் காற்றில் கறுத்த, அலைவரிசையை மாற்றும் பேண்ட் சுவிட்சும் காரணமாக இருக்கலாம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய கண்டென்சர் போட்டால் பழைமை கெட்டுவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பழைய உறைக்குள் புதியதை வைத்து மூட வழி இருக்கிறது, நானும் அப்படித்தான் செய்தேன். பழைமைக்கு உண்மையான எதிரிகள், சேசிஸைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மரப்பெட்டிக்குள் புளூடூத் ஸ்பீக்கரைத் திணித்து விடுதி வரவேற்பறைகளுக்கு விற்பவர்கள். சந்தையில் எனக்குக் கிடைத்த அந்த வால்வும் அப்படிக் குடல் உருவப்பட்ட ஒரு பெட்டியிலிருந்து வந்ததுதான் என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்த இரவு, டயலில் 247 மீட்டர் அருகே முள்ளைக் கொண்டுபோனதும் 1215 கிலோஹெர்ட்ஸில் புதுச்சேரி வானொலி பேசியது. முள் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. டயல் நூல் அப்பா கட்டியது என்பதால் அதை இன்றுவரை நான் திருத்தவில்லை.

வால்வுகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைத் துடைக்காமல் பார்த்து எழுதுங்கள். விரல் பட்டால் அவை அழிந்துவிடும்.