கடை எண்ணெயில லாண்ட்மாஸ்டர் ஓடுமோ? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியளில பாதிக்கு மேல டீசல், காஸ், கரண்ட் பற்றித்தான். அதால மற்றதுகளை அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: ஐயா, நான் விசுவமடுவில சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறன். ரோல்ஸ், வடை பொரிச்ச எண்ணெய் கிழமைக்கு ஒரு 10 லீற்றர் மட்டில மிஞ்சும். அண்ணையிட்ட லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) ஒண்டு நிக்குது. பழைய எண்ணெயைத் துணியில வடிச்சு அப்பிடியே டீசல் ராங்கில விடுறதை வீடியோவில பாத்தனான், நாங்களும் விடலாமோ?

பதில்: விடாதேங்கோ தம்பி. ஓடாது எண்டு நான் சொல்லேல்ல, ஓடும், முதல் நாள் நல்லாவே ஓடும், அதைப் பாத்துத்தான் சனம் ஏமாறுது. சமையல் எண்ணெய் டீசலை விடக் கிட்டத்தட்ட 10 மடங்கு தடிப்பு, அது எஞ்சினுக்குள்ள டீசலைத் தூவிற இன்ஜெக்டரால பூந்தூறலா வராது, சொட்டுச் சொட்டா வரும், முழுசா எரியாமல் பிஸ்டன் தலையிலயும் ரிங்கிலயும் கரியாப் பிடிக்கும், மிச்சம் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைக் களியாக்கும். இந்த வழியில போன எஞ்சின் மூண்டு என்ர கராஜுக்கு வந்தது, மூண்டும் வயல் உழவு நேரத்தில, சொந்தக்காரர் தலையில கையை வச்சுக்கொண்டு நிண்டது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில டீசல் எஞ்சின் ஒண்டைக் கச்சான் எண்ணெயில ஓட்டிக் காட்டினவை, அது உண்மைதான், ஆனா அந்தக் காலத்து எஞ்சின் வேற. 1937இல பெல்ஜியத்தில ஒரு ஆய்வாளர் எண்ணெயை மதுசாரத்தோட தாக்கமுறச் செய்து மெல்லிசாக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார், இண்டைக்கு பயோடீசல் எண்டு சொல்லுறது அந்த வழியில வந்ததுதான். எண்ணெயோட மெதனோல் எண்ட மதுசாரமும் கோஸ்டிக் சோடாவும் சேர, கிளிசரின் பிரிஞ்சு அடியில போகும், மேல நிக்கிறதுதான் எங்களுக்கு வேண்டியது.

2022 நினைவிருக்குந்தானே, ஆனி மாசம் டீசல் லீற்றர் 460 ரூபா, அதுவும் இல்லாமல் எரிபொருள் செட்டடியில ரெண்டு நாள் மூண்டு நாள் படுத்துக் கிடந்தது, சிறுபோக வெட்டுக்கு மெசினுக்கு டீசல் இல்லாமல் நெல்லு வயலிலயே நிண்டது. அப்பதான் நானும் பயோடீசல் செய்து பாத்தனான். முதல் தரம் எண்ணெயில இருந்த தண்ணியை நான் கவனிக்கேல்ல, விடியப் பாத்தா போத்தல் முழுக்க வெள்ளைக் களி, சவர்க்காரம் மாதிரி, மாதிரியென்ன சவர்க்காரமேதான். ரெண்டாந் தரம் எண்ணெயைச் சூடாக்கி, சொர சொர எண்டு வந்த சத்தம் முழுக்க அடங்கும் வரைக்கும் வச்சிருந்து, பேந்து 55 பாகைக்கு ஆறவிட்டுச் செய்தன். இரவிரவாக வச்சிட்டு விடியத் தூக்கிப் பாத்தா அடியில கறுத்தத் தேன் மாதிரி ஒரு படை, அதுக்கு மேல வெளிச்சம் ஊடுருவிப் போற பொன்னிறம், நடுவில கீறின மாதிரிக் கோடு. அதை டீசலோட கலந்து ஓட்டேக்க புகைக்குழாயால வடை சுடுற மணம் வந்தது.

கணக்கைச் சொல்லுறன். புது எண்ணெய் ஒரு லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் மெதனோல், 3.5 கிராம் கோஸ்டிக். பொரிச்ச எண்ணெய்க்குக் கூடப் போடவேணும், எவ்வளவு கூட எண்டது எண்ணெய் எவ்வளவு பழுதாப் போச்சுது எண்டதைப் பொறுத்தது, கண்ணால சொல்ல ஏலாது, சோதிச்சுத்தான் பாக்கவேணும். அந்தச் சோதனைக்கு எங்கட குசினி மஞ்சளே காணும், கோஸ்டிக் காரம் கூடினவுடன மஞ்சள் சிவப்பா மாறும். ஏ.எல் இரசாயனம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருத்தரைப் பிடியுங்கோ, அரை மணித்தியாலத்தில சொல்லித் தருவார்.

இப்ப நான் உண்மையாப் பயப்பிடுற விசயம். மெதனோல் நஞ்சு. கள்ளச் சாராயம் குடிச்சுக் கண் போச்சுது, ஆள் போச்சுது எண்டு கேள்விப்படுறியள்தானே, கனக்கத் தரம் இதாலதான், 10 மில்லிலீற்றர் வயித்துக்குள்ள போனாலே பார்வையைப் பறிக்கக்கூடிய சாமான். 65 பாகைக்குக் கிட்டவே கொதிச்சு ஆவியாகும், தீப்பிடிச்சா அந்தச் சுவாலை பகல் வெளிச்சத்தில கண்ணுக்குத் தெரியாது. அதால வீட்டுக் குசினியில செய்யவே வேண்டாம், விறகடுப்புக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம், பிள்ளையள் ஓடித்திரியிற வளவில சோடாப் போத்தலில ஊத்தி வைக்க வேண்டாம். கோஸ்டிக்கை அலுமினியச் சட்டியில போட்டா சட்டியையே தின்னும், ஐதரசன் எண்ட தீப்பிடிக்கிற வாயு வரும், எவர்சில்வர் பாத்திரந்தான் பாவிக்கவேணும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதேங்கோ.

உங்கட 10 லீற்றருக்காக இவ்வளவு ஆபத்தை வீட்டுக்குள்ள கொண்டுவர வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா பரந்தன், கிளிநொச்சி, புதுக்குடியிருப்புக் கடையளின்ர பழைய எண்ணெயை ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ தொழில்நுட்பக் கல்லூரியோ சேத்தெடுத்து, இரசாயனம் தெரிஞ்ச ஆக்களை வச்சு ஒரு இடத்தில செய்தா அது நல்ல வேலை, கட்டாயம் செய்யவேணும். அதே எண்ணெயைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி எங்கட பிள்ளையளுக்கே வடை சுட்டுக் குடுக்கிறதும் அதோட குறையும். ஒருவேளை எங்கயாவது ஒழுங்கா, கழுவிக் காயவச்ச பயோடீசல் கிடைச்சா 5 பங்கு டீசலில 1 பங்குக்கு மேல கலக்காதேங்கோ. முதல் ராங்கிலேயே பழைய ஊத்தையெல்லாம் கழண்டு வந்து பில்டரை அடைக்கும், அதால மாத்துறதுக்கு ஒரு பில்டர் கையில வச்சிருங்கோ, பழைய ரப்பர் குழாயள் ஊதிப்போகும், அதையும் பாருங்கோ. சந்தையில வாங்கின புதுத் தேங்காயெண்ணெயில செய்வம் எண்டு ஆரும் நினைச்சா, லீற்றர் விலையை டீசல் விலையோட ஒருக்கா வச்சுப் பாத்தாக் காணும்.

கேள்வி: என்னட்ட மண்ணெண்ணெய் வோட்டர் பம் இருக்கு, அதுக்கு பயோடீசல் விடலாமோ? வெங்காயம் அரை ஏக்கர். (அக்கராயனில இருந்து ஒரு தோட்டக்காரர்)

பதில்: ஏலாது. பிளக் வச்ச எஞ்சின் எதுக்கும் இது சரிவராது, டீசல் எஞ்சினுக்கு மட்டுந்தான். 2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே நாளில 340 ஆனதில அடிபட்டது நீங்களும் கடற்தொழில் செய்யிற ஆக்களுந்தான், அது எனக்குத் தெரியும். உங்களுக்கு சோலர் பம்தான் வழி. கிணத்தில தண்ணி மட்டத்தில இருந்து குழாய் வாய் வரைக்கும் 10 மீற்றர், நாளுக்கு 20,000 லீற்றர் எண்டு வச்சா, பம் தின்னுற நட்டத்தையும் சேத்து ஒண்டரை யூனிற் மட்டில வேணும். எங்கட வெயிலுக்கு 500 வாற்றுக்குக் குறையாத பனல் அதைத் தரும். பற்றரி வாங்காதேங்கோ, அந்தக் காசுக்கு ஒரு தொட்டியைக் கட்டி வெயில் நேரத்தில நிரப்பி வைச்சு, பின்னேரம் வாய்க்காலில விடுங்கோ.

கேள்வி: ஐயா, ஒட்டுசுட்டானில இருக்கிறம், ஆறு மாடு, பகலில காட்டுப்பக்கம் மேயும், இரவு பட்டியில கட்டுவம். அவர் கூலி வேலை. காஸ் சிலிண்டர் வாங்கக் கட்டுப்படியாகேல்ல, விறகுப் புகையில எனக்கு இருமல் விடுறதில்லை. சாணியில காஸ் எடுக்கலாம் எண்டு சொல்லுகினம், எங்களுக்குச் சரிவருமோ?

பதில்: சரிவரும் தங்கச்சி, உங்கட கடிதத்தை வாசிச்ச உடன எனக்குச் சந்தோசமாப் போச்சுது, ஏனெண்டா வேண்டியதெல்லாம் உங்கட பட்டியிலயே கிடக்கு. பகல் சாணி காட்டோட போயிடும், அதைக் கணக்கில எடுக்காதேங்கோ. இரவுச் சாணி ஆறு மாட்டுக்கும் 25, 30 கிலோ வந்தா நாளுக்கு ஒரு கன மீற்றர் காஸ் கிடைக்கும், அது சிலிண்டர் காஸ் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மாசத்துக்குக் கூட்டிப் பாத்தா ஒரு 12.5 கிலோ சிலிண்டர் அளவு வருது. ரெண்டு வேளைக் கறி சோறும் தேத்தண்ணியும் நடக்கும், நெல்லு அவிக்கிறதுக்கும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிறதுக்கும் காணாது, அதுக்கு விறகைப் பாவியுங்கோ, வெளியில வச்சு.

சாணியளவுக்குத் தண்ணி சேத்து, தும்பு தடியில்லாமல் கையால பிசைஞ்சு, கவிழ்ந்த மூடி வச்சுக் கட்டின காஸ் குழிக்குள்ள ஊத்தவேணும். முதல் நிரப்பினா காஸ் வரச் சில கிழமை எடுக்கும், முதல் வாறதில காத்தும் கலந்திருக்கும், அதைப் பத்தவையாமல் வெளியில விட்டிடுங்கோ. இடந்தான் முக்கியம். மாரியில கார்த்திகை மார்கழிக்கு வளவுக்குள்ள தண்ணி நிக்குமெண்டா பள்ளத்தில கட்டவே கூடாது, மேட்டில கட்டுங்கோ, வெயில் படவேணும், குடிக்கிற கிணத்தில இருந்து நல்லாத் தள்ளி இருக்கவேணும். மேசன்மார் எல்லாருக்கும் அந்தக் கவிழ்ந்த மூடி கட்டத் தெரியாது, ஒரு மயிர்க் கீறல் போதும் காஸ் எல்லாம் போயிடும், அதால ஏற்கனவே கட்டி ஒரு வருசத்துக்கு மேல எரியிற வீடு ஒண்டைப் போய்ப் பாத்து, அந்த மேசனையே கூப்பிடுங்கோ. கூலிக் குடும்பத்துக்குக் கட்டுற செலவு பெரிசு, உங்கட பிரதேச செயலகத்திலயும் கால்நடை வைத்தியர் கந்தோரிலயும் உதவித் திட்டம் இருக்கோ எண்டு கேட்டுப்போட்டு இறங்குங்கோ. குழிக்குள்ள ஆரும் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது, அந்தக் காத்து ஆளைச் சரிக்கும். வெளியில வாற கரைசலைக் கொட்டாமல் மிளகாய்க்கும் வாழைக்கும் விடுங்கோ, நல்ல பசளை.

கேள்வி: கூரையில சோலர் போட்டிருந்தனாங்கள். 2025 மாசி 9ஆம் திகதி நாடு முழுக்க கரண்ட் நிண்டுதே, நட்ட நடுப் பகல், வெயில் கொளுத்துது, எங்கட வீட்டிலயும் கரண்ட் இல்லை. ஏமாத்திப்போட்டாங்களோ? (வவுனியாவில இருந்து)

பதில்: ஏமாத்தேல்ல, ஆனா விக்கேக்க விளங்கப்படுத்தாமல் விட்டது பிழை. உங்களுக்குப் போட்டது மின்சார சபை லைனோட சேத்த முறை. லைனில கரண்ட் இல்லையெண்டா, பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்திற இன்வேட்டர் தானா நிக்கும், அப்பிடித்தான் செய்திருக்கு, இல்லாட்டி கம்பத்தில ஏறி வேலை செய்யிற பெடியனை உங்கட கூரைக் கரண்ட் கொண்டுபோடும். கரண்ட் நிக்கேக்கயும் வேணுமெண்டா பற்றரியோட சேர்ற ஹைபிரிட் இன்வேட்டர் போடவேணும், அது செலவு. லைற்றும் விசிறியும் மட்டும் காணுமெண்டா தனிய 100 வாற்றுப் பனல் ஒண்டு, 12 வோல்ற் பற்றரி, நாலு எல்ஈடி பல்ப், ஒரு சின்ன டிசி விசிறி, இரவு கழியும். காருக்குப் பாவிக்கிற பற்றரியை இதுக்குப் போடாதேங்கோ, அது கெதியாச் செத்துப்போம். குரங்கு பாயிற வளவெண்டா, பனலுக்கு மேல பாயாமல் பக்கத்து மரக் கொப்பை வெட்டிவிடுங்கோ.

கேள்வி: மல்லாவியில எங்கட உழுந்துக் காணியில காட்டாமணக்கு நடச் சொல்லி ஒருத்தர் வந்து கதைக்கிறார், விதைக்கு நல்ல விலையாம், பயோடீசலுக்காம்.

பதில்: உழுந்தைப் போடுங்கோ. 2003 மட்டில இந்தியாவில இதைப் பெருந்திட்டமாத் தொடங்கினவை, உலகம் முழுக்கக் கனபேர் நட்டவை, தண்ணியில்லாத நிலத்தில மரம் உயிரோட நிக்கும் ஆனா காய் காணாது எண்டு பட்டுத்தான் அறிஞ்சவை. வேலிக்கு நல்லது, ஆடு கடிக்காது, அதுக்குத்தான் எங்கட ஆக்கள் வேலியில வச்சவை. கொட்டை நஞ்சு, சின்னப் பிள்ளையள் கச்சான் எண்டு நினைச்சுத் தின்னுட்டு வாந்தியோட ஆசுபத்திரிக்குப் போறது நடக்கிற விசயம். காணிக்கரையில இலுப்பை நிண்டா அதைத் தறியாதேங்கோ, கோயில் விளக்குக்கு எண்ணெய் அதில இருந்துதான்.

கேள்வி: நான் முள்ளியவளையில 10ஆம் ஆண்டு படிக்கிறன். விஞ்ஞானப் பாடத்துக்கு மாற்றுச் சக்தி பற்றி ஒப்படை. வன்னியில முந்தி என்ன செய்தவை எண்டு சொல்லுவீங்களோ?

பதில்: சொல்லுறன் பிள்ளை. 1990இல இருந்து பொருளாதாரத் தடை, பெற்றோல், டீசல், பற்றரி ஒண்டும் வராது, வந்தாலும் வாங்க ஏலாத விலை. மோட்டச்சைக்கிளுக்குக் கார்புரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைச்சு, சூடேறின உடன மண்ணெண்ணெயில ஓடினது. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வச்சுக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரி போட்ட விளக்கில உங்கட அம்மா அப்பா படிச்சிருப்பினம், கேட்டுப் பாருங்கோ, மூக்குக்குள்ள கரி பிடிக்கும். பின்னேரம் செய்தி நேரத்துக்குச் சைக்கிளைத் தலைகீழாக் கவிழ்த்து வச்சு, ஒருத்தர் பெடலைக் கையால சுத்த, டைனமோவில இருந்து வயரை எடுத்து ரேடியோவுக்குக் குடுத்து, சுத்தி இருபது பேர் குந்தியிருந்து கேட்டது. சுத்திறவர் களைச்சா குரல் மங்கும், உடன அடுத்தவர் கையை மாத்துவார். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற்று. உங்கட அப்பப்பா வீட்டுக் கொட்டிலுக்குள்ள ஒண்டு இன்னும் கிடக்கும், துருவைத் துடைச்சு ஒரு சின்ன பல்ப்பைக் கட்டி ஒப்படையோட சேத்துக் குடுங்கோ.