பின்சக்கர ஹக்கர் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பைக்கின் பின் மட்கார்டு குட்டை. மழையில் ஓட்டினால் முதுகெல்லாம் சேறு. டயரை ஒட்டிப் பொருத்தும் ஹக்கர் வாங்கினால் இது நின்றுவிடுமா?

முதுகுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். டயரில் ஒட்டிய தண்ணீர் விடுபடும் இடத்தில் ரப்பர் எந்தத் திசையில் நகர்கிறதோ, அதே திசையில் தெறிக்கும். சக்கரத்தின் பின்பக்கத்தில் ரப்பர் மேல்நோக்கி ஏறுகிறது, உச்சியில் முன்நோக்கிப் போகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கால்வட்டத்திலிருந்து கிளம்பும் தண்ணீர்தான் உங்கள் முதுகில் அடிக்கிறது. பெரும்பாலான ஹக்கர்கள் உச்சியையும் அதற்கு முன்னால் உள்ள பகுதியையும்தான் மூடுகின்றன. உங்களுக்கு வேண்டியது சீட்டுக்குப் பின்னால் நீளும் டெயில் மட்கார்டு அல்லது அதன் நுனியில் மாட்டும் ரப்பர் ஃபிளாப்.

ஹக்கர் காப்பாற்றுவது வேறொன்றை. மோனோ ஷாக் (நடுவில் ஒரே ஷாக்) உள்ள வண்டிகளில் ஷாக் அப்சார்பர் டயருக்கு நேர் எதிரே நிற்கிறது. மணல் கலந்த நீர் அதன் பளபளப்பான தண்டில் ஒட்டிக் காய்ந்தால், தண்டு ஏறி இறங்கும்போது எண்ணெயை உள்ளே நிறுத்தும் சீல் வளையத்தை மணல் அறுக்கும், பிறகு எண்ணெய் கசியும். கீழே லிங்கேஜ் (ஷாக்கைச் சக்கரத் தாங்கியோடு இணைக்கும் நெம்பு அமைப்பு) இருந்தால் அதன் பேரிங்குகளிலும் கிரீஸ் கழுவப்பட்டுத் துரு பிடிக்கும். இந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஹக்கர் வாங்குவது நியாயம்தான். இரண்டு பக்கமும் ஷாக் உள்ள, முழு மட்கார்டு கொண்ட வண்டிக்கு அது தேவையில்லை.

சந்தேகம் இருந்தால், கழுவித் துடைத்த வண்டியை ஈரச் சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து ஷாக்கைப் பாருங்கள். தண்டில் சேறு படிந்திருந்தால் வாங்குங்கள். அங்கே சுத்தமாக இருந்து சீட்டின் பின்புறம் மட்டும் அழுக்கானால் ஃபிளாப் போதும்.

கேள்வி: பிளாஸ்டிக், ஃபைபர், கார்பன் என்று கிடைக்கின்றன. எது நல்லது?

ஏபிஎஸ் பிளாஸ்டிக் (பிரேக் ஏபிஎஸ்ஸோடு இதற்குச் சம்பந்தமில்லை) அல்லது பாலிபுரொப்பிலீன். கல் பட்டால் வளைந்து கொடுக்கும். ஃபைபர் கிளாஸ் உறுதியானதுதான். ஆனால் அதிர்வில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும். கார்பன் அழகுக்கு. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவதைத் தவிர்த்து, உங்கள் மாடலுக்கென்றே அச்சு எடுத்ததை வாங்குங்கள். ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) கம்பெனியே கொடுத்திருக்கும் துளைகளில் அது உட்கார வேண்டும். ஸ்விங் ஆர்மில் புதிதாகத் துளை போடச் சொல்லும் எதையும் வாங்காதீர்கள். வண்டியின் பாரம் தாங்கும் பாகம் அது.

கேள்வி: வீட்டிலேயே பொருத்த முடியுமா? எதில் கவனம் வேண்டும்?

முடியும். முதலில் செயின் தொய்வை மேனுவல் சொல்லும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். செயின் தேயத் தேய, தொய்வை எடுக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகரும், ஹக்கருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியும் மாறும். அதனால்தான் இது முதல் வேலை. பிறகு பழைய செயின் கவரையும், பிரேக் ஹோஸ், வீல் சென்சார் வயர் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் போன வழியிலேயே திரும்பப் போக வேண்டும். அது டயர் பக்கம் தொங்கினால் ஆபத்து.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, ஹக்கரை நடுவில் நிறுத்துங்கள். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும், 15 இருந்தால் நிம்மதி. செயினுக்கும் ஹக்கருக்கும் நடுவிலும் இடம் பாருங்கள். அதன்பின் முறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு உலோகப் புஷ் (துளைக்குள் உட்காரும் சிறு குழாய்) இருந்தால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். புஷ் இல்லாமல் பிளாஸ்டிக்கை நேராக இறுக்கினால் துளை நசுங்கி, சில மாதங்களில் பிளக்கும்.

பலர் செய்யும் தவறு, போல்ட் கழலாமல் இருக்கத் திரெட் லாக்கரை (போல்ட்டின் மரையில் இடும் பசை) தாராளமாக ஊற்றுவது. அது வழிந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடம் நொறுங்கத் தொடங்கும். பின்னால் நட் போட இடமிருந்தால் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நட்) போடுங்கள். இல்லையேல் போல்ட்டின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு.

கடைசிச் சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. ஹக்கர் ஸ்விங் ஆர்மோடு ஏறி இறங்குவதால் டயரோடு உள்ள இடைவெளி மாறாது. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது அதன் மேற்பகுதி சீட்டின் அடிப்பக்கத்தை நெருங்கும். மேலே ஒரு உருண்டை விளையாட்டுக் களிமண்ணை ஒட்டி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். நசுங்கிய களிமண் 10 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் அந்த ஹக்கர் உங்கள் வண்டிக்கு ஆகாது.

கேள்வி: 130/70-17 டயரை 140/70-17 ஆக மாற்றினேன். ஹக்கர் உரசுமா?

உரசலாம். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. ஆகவே பக்கச்சுவர் உயரம் 91 மில்லிமீட்டரிலிருந்து 98 ஆகிறது, அதாவது மேலே 7 மில்லிமீட்டர் போய்விட்டது. பக்கவாட்டில் சுமார் 5. பத்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்த இடத்தில் இப்போது 3தான் மிச்சம், ஒரு சிறு கல் சிக்கினாலே தேய்க்கும். ஹக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், அல்லது பெரிய டயருக்கு இடம் தரும் மாடலைத் தேடுங்கள். களிமண் பாதையில் ஓட்டுபவர்கள் பழைய டயரோடுகூட அதைக் கழற்றுவதே நல்லது. ஒட்டும் மண் உள்ளே அடைத்துக்கொண்டால் சக்கரமே நின்றுவிடும்.

கேள்வி: நம்பர் பிளேட்டையும் இண்டிகேட்டரையும் டயருக்குப் பின்னால் தாங்கும் கை போன்ற மாடல் எப்படி?

எனக்கு உடன்பாடில்லை. ஸ்விங் ஆர்மோடு அது ஓயாமல் ஆடுவதால், உள்ளே ஓடும் வயர் வளைந்து வளைந்து அறும். பின்புற இண்டிகேட்டர் எரியாததே சில நாள் உங்களுக்குத் தெரியாது. மாட்டியே ஆக வேண்டுமென்றால், ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சு (பிவட்) அருகே வயருக்குத் தளர்வான ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். எல்இடி இண்டிகேட்டர் வேகமாகச் சிமிட்டினால் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் ரிலேயை எல்இடிக்கு ஏற்றதாக மாற்றுங்கள்.