அதிபரின் மனைவி கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌசெஸ்குவின் மனைவி எலெனா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நாட்டைக் கெடுத்ததே அவர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். வேறு சிலர், படிப்பில்லாத ஆடம்பரக்காரி என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவரிடம் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உடை, நகை, மாளிகை பற்றிய குறிப்புகளை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். பதவிக்கு ஆள் போடும் கோப்பு யார் மேசைக்குப் போனது என்று தேடுங்கள். சர்வாதிகார ஆட்சியில் ஒருவரின் பலத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிலிப்பைன்ஸை ஆண்ட சர்வாதிகாரி மார்கோஸின் மனைவி இமெல்டா என்றால் எல்லோருக்கும் அவர் குவித்து வைத்திருந்த காலணிகள்தான் ஞாபகம் வரும். 1975 முதல் 1986 வரை அவர் மணிலா பெருநகரத்தின் ஆளுநர், கூடவே அமைச்சர். அது எத்தனை பேருக்குத் தெரியும்? காலணிகளை எண்ணிக்கொண்டே இருந்ததில் அவர் கையெழுத்திட்ட கோப்புகள் கண்ணில் படாமலே போய்விட்டன. எலெனா விஷயத்தில் அந்தத் தவறு வேண்டாம்.

சரி, எலெனாவுக்கு வருவோம். பெட்ரெஷ்டி என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1916. ஆட்சிக்கால வெளியீடுகளில் 1919 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையோடு நின்றது. புக்கரெஸ்டுக்கு வந்து ஆலையில் வேலை பார்த்தார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கணவர் கட்சித் தலைவரானது 1965 மார்ச்சில். ஆனால் எலெனாவின் அரசியல் ஏற்றம் அன்றே தொடங்கிவிடவில்லை. 1971 கோடையில் இருவரும் சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போய்வந்தார்கள். திரும்பியதும் ருமேனியாவில் தலைவர் வழிபாடு கெட்டியானது. அதற்குப் பிறகுதான் 1972-இல் மத்தியக் குழு, 1973-இல் கட்சியின் அரசியல் செயற்குழு, 1977-இல் அதன் உச்சியில் இருந்த நிரந்தரக் குழு என்று அவர் படிப்படியாக ஏறினார். 1980 மார்ச்சில் முதல் துணைப் பிரதமர்.

உங்கள் கட்டுரைக்கு இவற்றைவிட முக்கியமானது 1979. அந்த ஆண்டு கட்சி, அரசுப் பதவிகளுக்கான ஆட்களைக் கவனிக்கும் குழு அவர் பொறுப்புக்கு வந்தது. யார் மேலே போவது, யார் ஒதுக்கப்படுவது என்பது அவரைத் தாண்டி நடக்காது என்ற நிலை. நாளிதழில் முதல் பக்கப் படமோ, அவருக்குச் சூட்டப்பட்ட ‘தேசத்தின் தாய்’ பட்டமோ இதற்கு ஈடாகாது.

அடுத்தது அறிவியல். நான் மிகவும் வருத்தப்படும் பகுதி இது. 1967-இல் அவருக்கு வேதியியலில் முனைவர் பட்டம் கிடைத்தது. பொதுவில் நடக்க வேண்டிய வாய்மொழித் தேர்வு மூடிய கதவுக்குள் முடிந்தது. அவர் தலைமை வகித்த ஆய்வு நிறுவனத்தின் கட்டுரைகளில் அவர் பெயர் முதலில் வரும், உழைத்தவர்களின் பெயர் பின்னால் நிற்கும். கரியமில வாயுவின் குறியீடான CO₂-ஐ எழுத்தெழுத்தாகப் படிக்காமல் (ருமேனிய மொழியில் ‘டோய்’ என்றால் இரண்டு) ‘கோடோய்’ என்று ஒரே சொல்லாகப் படித்துவிட்டார் என்று ஒரு கதை பரவி, அதுவே கேலிப் பெயராக நிலைத்தது. அந்த மொழியில் ‘கோடோய்’ என்பதற்குப் பெரிய வால் என்று பொருள். இந்தக் கேலியை ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். கிராமத்துப் பெண் படிக்கவில்லை என்பது குற்றமில்லை. அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதும், 1979 முதல் நாட்டின் அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தையே கையில் வைத்திருந்ததும்தான் கேள்விக்குரியவை. 1978-இல் பிரிட்டனுக்கு அரசுமுறைப் பயணம் போனபோது அங்கிருந்த வேதியியல் அமைப்பு அவருக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. வெளிநாடுகள் இந்தப் பொய்க்கு எப்படித் துணை போயின என்பதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கணவர் செய்ததையெல்லாம் மனைவி தலையில் கட்டுவது பழைய வழக்கம். கருக்கலைப்பைத் தடை செய்த 770-ஆம் எண் ஆணையை எலெனாவின் வேலை என்று எழுதிவிடுகிறார்கள். அது வந்தது 1966-இல், அவர் மத்தியக் குழுவுக்குள் நுழைவதற்கு 6 ஆண்டுகள் முன்பு. அந்த ஆணையால் பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தார்கள். அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நிக்கோலாய். 1980-களில் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டபோது எலெனா ஆட்சியின் இரண்டாவது ஆள், அந்தப் பங்கைத் தாராளமாக எழுதுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பக்கத்தில் ஆண்டைப் போட்டு, அப்போது அவர் என்ன பதவியில் இருந்தார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1989 டிசம்பரில் மக்கள் புரட்சி ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, 25-ஆம் தேதி தம்பதி மீது நடந்த விசாரணையின் பதிவை ஆதாரமாக எடுப்பீர்கள். கவனமாக எடுங்கள். டர்கோவிஷ்டே நகரின் ராணுவ முகாமில் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்த விசாரணை அது. தீர்ப்பு வந்த கையோடு இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். 60,000 பேரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு, ஆனால் அந்தப் புரட்சியில் இறந்தவர்கள் 1,100 பேருக்குச் சற்று மேல். அவர்களிலும் பெரும்பாலோர் தம்பதி தப்பியோடிய டிசம்பர் 22-க்குப் பிறகு இறந்தவர்கள். எலெனா ஆட்சியில் என்ன செய்தார் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சியாகாது. தன்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருந்தார் என்பதற்கு ஆகும். கைகளைக் கட்ட வந்த படைவீரர்களிடம், உங்களைத் தாயைப் போல வளர்த்தேனே என்று அவர் கத்துவது ஒளிப்பதிவில் கேட்கிறது. ‘தேசத்தின் தாய்’ என்ற பட்டத்தைக் கடைசி நிமிடம் வரை அவர் நம்பியிருந்தார். கட்டுரையில் அந்தக் காட்சியை வைப்பதானால், பட்டத்தைப் பற்றி எழுதும் இடத்தில் வையுங்கள்.