மூங்கில் சட்டை வாங்கினேன், ஏமாந்தேனா?

வணக்கம்.

பிள்ளைக்கு மூங்கில் துணி என்று ஒரு சட்டை வாங்கினேன். விலை அட்டையில் பச்சை எழுத்தில் 'பூமிக்கு உகந்தது' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து உள்லேபிளைப் பார்த்தால் 'விஸ்கோஸ்' என்கிறது. ஏமாந்துவிட்டேனா? நம்பி வாங்க நியாயமான ஒரு பிராண்டு சொல்லுங்கள்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பக்கத் தையலில் கிடக்கும் அந்தச் சின்னத் துண்டைத் திருப்பிப் பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம். விலை அட்டை விளம்பரம். உள்லேபிளில் நாரின் பெயரைச் சரியாகப் போட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் சேர்த்துக் கரைத்து, இழையாக இழுத்தால் விஸ்கோஸ். அந்தக் கார்பன் டைசல்ஃபைடு ஆலைத் தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும். விஸ்கோஸ் வகையறாவான ரேயானை மூங்கில் என்று விற்றதாக எழுந்த வழக்கில், 2022-இல் அமெரிக்கக் கடை நிறுவனங்களான கோல்ஸும் வால்மார்ட்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஆக, உங்களைப் போல நிறையப் பேர் நம்பி வாங்கியிருக்கிறார்கள்.

பருத்தி என்றால் ஜி.ஓ.டி.எஸ். (GOTS) என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தரமுத்திரையைத் தேடுங்கள். அதில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீத நாராவது இயற்கை வேளாண்மையில் விளைந்திருக்க வேண்டும். சாயக் கழிவுநீருக்கும் தொழிலாளர் நிலைக்கும்கூட அதில் விதிகள் உண்டு.

சரி, பிராண்டு? நார் நல்லதாக இருந்துவிட்டால் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பங்களாதேஷின் சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல் ஆலைகளோ மறுநாள் காலை ஆட்களை வேலைக்கு வரச் சொல்லின. ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல் தொழிலாளிக்கு 'வர மாட்டேன்' என்று சொல்ல வழியில்லை. எனக்கு இதை எழுதும்போது இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். யாருக்காக அங்கே தைத்தார்கள் என்று காட்ட, தொழிலாளர் அமைப்பினர் இடிபாட்டுக்குள் லேபிள்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் ஒரு பிராண்டிடம் நான் முதலில் பார்ப்பது ஆலைகளின் பெயர், முகவரிப் பட்டியல். முடியாத காரியம் ஒன்றுமில்லை. பல வருடக் கண்டனத்துக்குப் பிறகு நைக்கி 2005-லேயே வெளியிட்டது. பட்டியல் இருந்தால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது. ஆனால் விரிசல் விட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதாவது தெரியும். அடுத்து, அந்த ஆலைகளில் தொழிலாளர் சங்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு பெயரைச் சொல்லி 'கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வாங்கிய பிராண்டுக்கே 'இந்தச் சட்டை எந்த ஆலையில் தைத்தது?' என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அளவு சிறுத்துப்போகும் வரை பிள்ளை போடட்டும். விஸ்கோஸ் நனைந்தால் வலு குறையும். முறுக்கிப் பிழியாமல் லேசாக அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள்.