வீட்டு டேகெயாரா, சென்ரரா? ரொறன்ரோ தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

நான் பதிவுபெற்ற சிறுபிள்ளைக் கல்வியாளர். ரொறன்ரோவில் முதலில் ஒரு சென்ரரில், அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், கைக்குழந்தைகள் அறையில் வேலை செய்தேன். பிறகு, வீட்டு டேகெயார்களை மேற்பார்வை செய்யும் ஒரு ஏஜென்சிக்காக அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்வையிடும் வேலை. நான் சொல்லும் சட்டமெல்லாம் ஒன்ராறியோவுக்கு உரியது. வேறு மாகாணங்களில் விதிகள் வேறு.

கேள்வி: அக்கா, மகளுக்குச் செப்டெம்பரில் ஒரு வயது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சென்ரரில் இடம் கிடைக்கும் போல இருக்கிறது. அதே தெருவில் ஒரு தமிழ் அன்ரியும் வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறார். எதில் விடலாம்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த அன்ரியிடம் "நீங்கள் எந்த ஏஜென்சியோடு இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம் பார்க்க வேண்டும்.

வீடு, சென்ரர் என்று இரண்டு வகைதான் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று. சென்ரர் என்றால் லைசன்ஸ் கட்டாயம். வீட்டில் மட்டும் இரண்டு வகை உண்டு: லைசன்ஸ் பெற்ற ஏஜென்சியின் கீழ் நடக்கும் வீடு ஒன்று, தனியாக நடக்கும் வீடு மற்றது. இரண்டாவதும் சட்டப்படி நடத்தக்கூடியதுதான், ஒளித்துச் செய்யும் காரியமல்ல. ஆனால் அங்கே யாரும் வழக்கமாக வந்து பார்ப்பதில்லை. யாராவது முறைப்பாடு செய்தால்தான் கல்வி அமைச்சின் ஆள் வருவார். ஏஜென்சி வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

சென்ரரில் 18 மாதத்துக்குக் குறைந்த பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று பேர் இருக்க வேண்டும். 18 மாதத்திலிருந்து 30 மாதம் வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர். அதற்கு மேல், பள்ளிக்கூட வயது வரை, எட்டுக்கு ஒருவர். காலை திறக்கும்போதும் மாலை மூடும்போதும் பெரிய பிள்ளைகளின் அறையில் இது கொஞ்சம் தளரலாம், கைக்குழந்தை அறையில் ஒருபோதும் தளரக்கூடாது. ஏஜென்சி வீட்டில் அதிகபட்சம் ஆறு பிள்ளைகள், அதில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஏஜென்சியின் கீழ் உள்ள நல்ல வீட்டைத்தான் முதலில் சொல்வேன். காலையில் பிள்ளையை வாங்குபவர், சாப்பாடு தீத்துபவர், நித்திரையாக்குபவர் எல்லாம் ஒரே ஆள். அந்த வயதுப் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். சென்ரரில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் அன்ரி ஏஜென்சியில் இல்லை என்றால் சென்ரர் இடத்தை விடாதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. மிக நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பேச்சு வராத பிள்ளை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லாது. வெளியிலிருந்து இன்னொருவர் வந்து பார்க்கும் இடத்தில்தான் அந்த வயதுப் பிள்ளையை விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நாங்கள் பார்த்த வீட்டில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். லைசன்ஸ் இல்லை. "என் மகளும் கூட நின்று உதவி செய்கிறாள், அதனால் பரவாயில்லை" என்றார். சரியா?

பதில்: சரியில்லை. லைசன்ஸ் இல்லாத வீட்டில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்து பேர்தான். அதில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அதிகபட்சம் மூன்று. பார்ப்பவரின் சொந்தப் பிள்ளை நான்கு வயதுக்குக் குறைவு என்றால் அவரும் இந்த ஐந்துக்குள் வருவார். வீட்டில் எத்தனை பெரியவர்கள் நின்றாலும் எண்ணிக்கை கூடாது.

இந்தக் கணக்கைச் சும்மா பேப்பர் விதி என்று நினைக்காதீர்கள். 2013 ஜூலையில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து வோன் நகரில் லைசன்ஸ் இல்லாத ஒரு வீட்டு டேகெயாரில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை வெயிலில் நின்ற காருக்குள் மறந்து விடப்பட்டு இறந்துபோனாள். அனுமதித்த அளவை விடப் பல மடங்கு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அந்த இடத்தைப் பற்றி அமைச்சுக்கு முன்பே முறைப்பாடுகள் போயிருந்தன. அரசு நிர்வாகத்தின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒன்ராறியோ ஒம்பூட்ஸ்மன் அதை விசாரித்து 2014இல் கடுமையான அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு நிறைவேறிய குழந்தைப் பராமரிப்புச் சட்டம்தான் 2015 ஓகஸ்ட் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்கள் கூடினால் தலை எண்ணுவது தவறும். காரிலிருந்து இறக்கும்போது ஒருவர் குறைவதும் அப்படித்தான் கவனிக்கப்படாமல் போகிறது.

இன்னொன்று. லைசன்ஸ் இல்லாதவர், தனக்கு லைசன்ஸ் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தந்தாரா? தரவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

கேள்வி: வீட்டு அன்ரி மாதம் 1,000 டொலர் கேட்கிறார், காசாக. ரிசீற் வேண்டுமென்றால் கூடக் கேட்பாராம். சென்ரர் இதைவிட விலைதானே?

பதில்: தம்பி, அந்தக் காலம் போய்விட்டது. 10 டொலர் டேகெயார் என்று சொல்லப்படும் மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. கிழமைக்கு ஐந்து நாள், வருடம் முழுக்க என்றாலும் 5,720 டொலர். நீங்கள் சொல்லும் வீட்டில் வருடத்துக்கு 12,000. திட்டத்தில் சேர்ந்த ஏஜென்சிகளின் வீடுகளுக்கும் இதே வரம்புதான். லைசன்ஸ் இல்லாத வீட்டுக்கு இது இல்லை. எல்லாச் சென்ரர்களும் சேரவில்லை, அதனால் போன் எடுத்து முதலிலேயே கேளுங்கள்.

ரிசீற் கேட்டால் கொடுப்பது சட்டக் கடமை, அதற்குக் காசு வாங்கவும் கூடாது. வரிக் கணக்கில் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000 டொலர் வரை பராமரிப்புச் செலவைக் கழிக்கலாம், பொதுவாகக் கணவன் மனைவியில் வருமானம் குறைந்தவரின் கணக்கில். தனி ஆள் தரும் ரிசீற்றில் அவருடைய சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) இருக்க வேண்டும். ரிசீற் தரத் தயங்குபவர் வேறு எதையெல்லாம் எழுத்தில் வைக்கத் தயங்குவார் என்றும் யோசியுங்கள். விபத்து நடந்தால் எழுதி வைப்பாரா?

கேள்வி: நான் முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ., அதாவது பராமரிப்பு உதவியாளர். மூன்று மணியிலிருந்து பதினொரு மணி வரை ஷிப்ட். கணவரும் இரவு வேலை. எந்தச் சென்ரரும் ஆறு மணிக்கு மேல் இல்லை என்கிறார்கள்.

பதில்: உங்களைப் போன்றவர்களுக்கு வீடுதான் வழி, அம்மா. சில ஏஜென்சிகளில் மாலை, வார இறுதி, ஏன் இரவும் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. குறைவுதான். ஒரு ஏஜென்சியோடு நிற்காமல் நான்கைந்து ஏஜென்சிகளுக்குப் போன் எடுங்கள். "மாலை நேரம் வேண்டும்" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இரவில் நித்திரையான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் ஏற்பாடு என்றால், பிள்ளை எந்த அறையில் படுக்கும், அந்த நேரம் வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஏஜென்சி வீடு என்றால் அங்கே குடியிருக்கும் பெரியவர்களுக்கும் பொலிஸ் பரிசோதனை உண்டு. தனி வீட்டில் நீங்களாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: சென்ரரில் சேர்த்த நாளிலிருந்து மகனுக்குத் தடிமன், காய்ச்சல் மாறி மாறி வருகிறது. வீட்டுக்கு மாற்றினால் குறையுமா?

பதில்: கொஞ்சம் குறையும். பிள்ளைகள் குறைந்தால் கிருமியும் குறைவுதான். ஆனால் முதல் பனிக்காலம் எந்த இடத்திலும் அப்படித்தான் போகும். இந்த வயதில் வருடத்துக்கு எட்டு, பத்துத் தடிமன் வருவது வழமை. இதற்காக மட்டும் நல்ல இடத்தை விடாதீர்கள்.

வீட்டில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பார்ப்பவருக்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கு டேகெயார் இல்லை. சில ஏஜென்சிகள் மாற்று வீடு தரும். அதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சட்டப்படி வருடத்துக்கு மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உங்களுக்கு உண்டு, சம்பளம் இல்லை. கணவருக்கும் அதே மூன்று நாள் உண்டு. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் தாய்தான் லீவு எடுக்கிறாள். பாதிப் பாதி எடுங்கள்.

கேள்வி: நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்? எல்லா இடமும் வடிவாகத்தான் தெரிகிறது.

பதில்: விளையாட்டுச் சாமானையும் சுவர்ப் படத்தையும் விடுங்கள். பார்க்க நல்ல நேரம் இரண்டு: மத்தியான நித்திரை நேரம், மாலை ஐந்து மணி.

நித்திரை நேரத்தில், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நிமிர்ந்து படுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தொட்டிலுக்குள் தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் இருக்கக்கூடாது. கார் சீற்றில் நித்திரையான பிள்ளையை அப்படியே விட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். அறைக் கதவு சாத்தியிருந்தால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். "மொனிற்றர் இருக்கிறது" என்பது மட்டும் பதிலாகாது, கண்ணால் பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணி எல்லோரும் களைத்த நேரம். அப்போது ரிவி ஓடுகிறதா, அழும் பிள்ளையிடம் எந்தக் குரலில் கதைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் போயிருந்தேன். கணவர் கதவைத் திறந்தார். அந்தப் பெண் நிலத்தில் இருந்தபடி முந்திரிப்பழங்களை (திராட்சையை) நெடுக்காக நான்காக வெட்டி இரண்டு பிள்ளைகளின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது, தொட்டில் அவர் கண்ணுக்கு நேரே. என்னைக் கண்டு தலையசைத்தாரே தவிர எழும்பி வரவில்லை. கடைசித் துண்டைச் சின்னவன் விழுங்கி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அதிகாரியை உபசரிக்க ஓடாமல் வாயில் சாப்பாடு உள்ள பிள்ளையோடு இருந்தாரே, அதைத்தான் நான் தேடிப் போவேன். எங்கள் ஆட்கள் முறுக்கும் கச்சானும் கொடுக்கத் தயங்குவதில்லை. நான்கு வயது வரை அதை வீட்டிலும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

மாடிப்படிக் கதவு, மருந்துப் பெட்டி, புகை எச்சரிக்கைக் கருவி, பேஸ்மென்ற் என்றால் வெளியே போக இரண்டாவது வழி. இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்ரரில் விட்டால் பிள்ளை தமிழ் கதைக்காமல் போய்விடுமா?

பதில்: போகாது, நீங்கள் வீட்டில் கதைத்தால். பகல் முழுக்கத் தமிழ் கேட்கும் வீட்டில் விட்டால் சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மொழிக்காகப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். சென்ரர் ரீச்சருக்குப் பால், தண்ணீர், நித்திரை, நோகுது போன்ற சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கைக்குழந்தை அறையில் நாங்கள் அந்தத் தாளைத் தொட்டிலுக்கு மேல் ஒட்டி வைப்போம். பெரிய உதவி.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா சூப்பர் விசாவில் (பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்கும் விசா) வருகிறார். அவரே பார்த்தால் ஒன்றும் வேண்டாமே?

பதில்: பேரப்பிள்ளையை அன்போடு பார்ப்பது நல்லதுதான். சம்பளம் கொடுத்து வரிக் கணக்கில் காட்ட முடியாது, அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அம்மாவின் முழங்காலையும் நினையுங்கள். ஓடித் திரியும் பிள்ளைக்குப் பின்னால் பத்து மணி நேரம் அவரால் நிற்க முடியுமா? கிழமையில் சில நாள் போதும் என்றால் நல்ல ஏற்பாடு. பகலில் இருவரும், சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் ஏர்லிஓன் நிலையத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, அம்மாவுக்கும் நாலு ஆட்களோடு கதைக்கக் கிடைக்கும்.

கேள்வி: இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பட்டியலில் பெயர் போடுவது அவசரமா?

பதில்: இன்றைக்கே போடுங்கள். கைக்குழந்தை இடம்தான் கிடைக்க மிகக் கடினம். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு இருக்காமல் வீட்டுக்குக் கிட்டவும் வேலைக்குக் கிட்டவும் உள்ள பலவற்றில் போடுங்கள். லைசன்ஸ் உள்ள இடம் பட்டியலில் சேர்ப்பதற்குக் காசு கேட்கக்கூடாது. வருமானம் குறைவென்றால் ரொறன்ரோ மாநகரின் கட்டண உதவிக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள், அதற்கும் தனிப் பட்டியல் இருக்கிறது.

கேள்வி: மகன் வீட்டு டேகெயாரில் இருக்கிறான், மூன்று வயது. அடுத்த செப்டெம்பரில் ஜே.கே. (பள்ளிக்கூடத்தின் முதல் வருடம்). அதற்கு முன் சென்ரருக்கு மாற்றிப் பழக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. அவன் சந்தோசமாக இருந்தால் ஒரு வருடத்துக்காக இடம் மாற்றாதீர்கள். தானாகச் சப்பாத்துப் போடவும், ரொய்லெற் போகவும், சாப்பாட்டுப் பெட்டி திறக்கவும் பழகினால் போதும். இப்போதுள்ள இடத்தில் அவனோடு ஓடி விளையாட அவன் வயதுப் பிள்ளை யாருமே இல்லை, எல்லாம் கைக்குழந்தைகள் என்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: சேர்த்து மூன்று கிழமை. காலையில் கத்தி அழுகிறாள். வேலையில் இருக்க முடியவில்லை. இடம் சரியில்லையா?

பதில்: விடும்போது அழுவதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். நீங்கள் போய்ப் பத்து நிமிடத்துக்குப் பிறகு என்ன செய்கிறாள் என்று கேளுங்கள், ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். சாப்பிடுகிறாளா, நித்திரை கொள்கிறாளா? இரண்டுக்கும் ஆம் என்றால் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒளித்துப் போகாமல் சொல்லிவிட்டுப் போங்கள்.

நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கிறாள், ஒரு ஆளைக் கண்டாலே உடம்பு விறைக்கிறது, காரணம் சொல்லாத காயம் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காயத்தைப் படம் எடுத்து, திகதியோடு எழுதி வையுங்கள். டொக்டரிடம் காட்டுங்கள். யாராவது பிள்ளையை நோகப் பண்ணியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்குப் போன் எடுங்கள். பிள்ளைகள் அளவுக்கு மேல் இருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை என்பது போன்றவற்றைக் கல்வி அமைச்சின் குழந்தைப் பராமரிப்பு முறைப்பாட்டு இலக்கத்துக்குச் சொல்லுங்கள். தெரிந்த ஆள், ஒரே கோயிலுக்குப் போகிறோம் என்று பார்க்காதீர்கள். அந்த வீட்டில் இன்னும் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள்.